சொல்லாத எழுத்து

தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தின் மேல்மாடியில்
நாங்கள் மூன்று பேர், ஒரு ஹீட்டர்,
தீவுக்குத் தீவு போகும் படகுகளின்
பயணச்சீட்டு மென்பொருள்.

ஜன்னலுக்குக் கீழே இரும்புக் கொள்கலன்கள்.
உறைந்த மீன் ஏறும்,
சிமென்ட்டும் ஷாம்பூவும் இறங்கும்.
எங்கள் கொள்கலன்களுக்கு எடையே கிடையாது என்று
கிரேன் ஓட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

உண்டு.
கோப்பின் முதல் வரியே
எதிலிருந்து? என்று கேட்கும்.
பதில் சொல்லாமல்
இரண்டாம் வரிக்குப் போக முடியாது.
அடிப்படிமம் ஒன்று வேண்டும்:
எங்கோ யாரோ அடுக்கி வைத்த தரை.
அவர்கள் முகம் தெரியாது,
அதன்மேல்தான் நம் சுவர்.

பிப்ரவரியில் மூன்று தரைகளைப் பார்த்தோம்.
ஒன்று எண்ணூறு மெகாபைட்.
நமக்குத் தேவையில்லாத எல்லாமும்,
என்றாவது தேவைப்படப்போகிற எல்லாமும் அதில்.
ஓட்டைகள் இருநூற்றுப் பதினேழு
என்றது பாதுகாப்பு அறிக்கை.
நடுவில் ஒன்று. அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.
மூன்றாவது ஐந்து மெகாபைட்.
ஓட்டை: பூஜ்யம்.

ட்ரோண்டுர் அந்தப் பூஜ்யத்தைக்
கண்ணாடி போட்டு இன்னொரு முறை பார்த்தான்.
ரன்வா மட்டும்
"இல்லாத சுவரில் ஓட்டை எப்படி இருக்கும்?" என்றாள்.
சிரித்தோம்.
மாலைக்குள் ஏற்றியும் விட்டோம்.

வேகமாக எழுந்தது, வேகமாக ஓடியது.
ஐந்து வாரம்.

மார்ச் கடைசி ஞாயிறு
பதினெட்டுத் தீவுகளும் கடிகாரத்தை
ஒரு மணி முன்னால் தள்ளின.
எங்கள் கொள்கலன் தள்ளவில்லை.
நேர மண்டலப் பட்டியலை
எடைக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள்,
நாங்கள் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.
ஏழே முக்கால் படகுக்கு
ஆறே முக்கால் என்றது பலகை.
திங்கட்கிழமை விடியலில் மழையோடு
நாற்பது பேர் படகில்லாத கடலைப் பார்த்து நின்றார்கள்.
ஒருத்தி செல்லோவுக்குத் தன் கோட்டைப் போர்த்தியிருந்தாள்.

உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால்
ஷெல் இல்லை.
எட்டிப் பார்க்க ஒரு கட்டளை,
பட்டியல் போட ஒரு கட்டளை,
ஒன்றும் இல்லை.
கதவே வைக்காத வீட்டுக்கு
வெளியே நின்று தட்டினேன்.

அப்போதுதான் கவுன்டரில் அந்த ஆள்.
சால்மன் பண்ணைக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர்.
பெயர் ஹேயின்.
எழுதும்போது நடுவில்
கழுத்தில் குறுக்குக்கோடு போட்ட ஓர் எழுத்து வரும்.
எழுதத்தான். வாயில் வராது.
அவரைப் பெற்றவளும் அதை உச்சரித்ததில்லை.
சீட்டில் அந்த இடத்தில்
கேள்விக்குறி அச்சாகியிருந்தது.

"ஒரு வாரமாக இப்படித்தான்," என்றார்.
"நான் யார் என்று
என்னிடமே கேட்கிறது."

கோபமில்லாமல் சொன்னார்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

யாரும் உச்சரிக்காததை
யாருக்கும் தேவையில்லாதது என்று
எண்ணிவிட்டோம்.
ஐந்து மெகாபைட்டில்
ஆங்கிலத்துக்கு இடம் இருந்தது.

அன்றிரவு நடுவில் இருந்ததை எடுத்தோம்.
எழுபத்தி நான்கு மெகாபைட்.
கடிகாரம் உண்டு, எழுத்து உண்டு,
உள்ளே போக ஒரு சின்னக் கதவு உண்டு;
கதவு இருந்தால்
வேறு யாரும் வரலாம் என்பதும் உண்டு.
முதல் வரியில் பதிப்பு எண்ணையும் எழுதினேன்.
சமீபத்தியது என்று மட்டும் எழுதினால்
நாளைக்கு அது வேறொரு தரை.

ஹேயினின் சீட்டை
முதலில் அச்சடித்துப் பார்த்தோம்.
குறுக்குக்கோட்டோடு வந்தது,
மை கொஞ்சம் பரவி.
ட்ரோண்டுர் அதைச் சத்தமாகப் படித்தான்,
அந்த எழுத்தை விட்டுவிட்டு,
எல்லோரையும் போல.

புதிய அறிக்கையும் வந்துவிட்டது.
ஓட்டைகள் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.
இந்த வாரம் என் முறை.